ஹம்னாவின் இலக்கத்தைப் பார்ப்பவர்கள்

ஜூலை 7, திங்கள்
தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. காலை ஏழுக்கே வெயில் சுட்டது. மகள் ஹம்னாவின் கையில் சீனி அளக்கும் வில்லை ஒட்டி இன்றோடு ஒரு கிழமை. பன்னிரண்டு வயது, இரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நாளுக்கு நாலு ஊசி. இப்போது விரலில் குத்தத் தேவையில்லை. அதுவே பெரிய நிம்மதி.

வைத்தியசாலை ஆய்வுக் குழுவின் நிரோஷா மிஸ் படம் கீறி விளங்கப்படுத்தினார். தோலுக்கடியில் நனோத் துணிக்கைகள். ஒரு முடியை ஆயிரமாகப் பிளந்தால் வரும் பருமன். ஒன்று தனியாகச் சொன்னால் எதுவும் கேட்காதாம். ஆயிரக்கணக்கில் சேர்ந்து சொன்னால்தான் வில்லைக்குக் கேட்கும். வில்லை ஹம்னாவின் போனுக்கு. போன் வைத்தியசாலைக் கணினிக்கு. அங்கிருந்து இரத்தச் சீனியின் இலக்கம் எங்களுக்கு.

இலக்கம் பார்ப்பவர்கள்: நான், மனைவி ரிஸ்மியா, கட்டாரில் அவள் தம்பி, மூதூரில் எனக்கு மூத்த ராத்தா, வகுப்பு டீச்சர். எல்லோரையும் சேர்த்தது நான்தான். பெருமையாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்
பின்னேரம் 212. பத்து நிமிடத்தில் மூன்று அழைப்பு. கட்டாரிலிருந்து மச்சான், பிள்ளை மாம்பழம் சாப்பிட்டாளா என்று. சாப்பிட்டாள்தான், அரைப் பழம். ஹம்னா போனை வாங்கி, ஓம் மாமா, ஓம் மாமா என்றாள். இரவு சோறு வேண்டாம் என்றுவிட்டாள். இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்திருக்கலாம்.

ஜூலை 9, புதன்
எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

இழுவைக் கப்பலில் வேலை. கோதுமைக் கப்பல் ஒன்றை இறங்குதுறைக்குக் கொண்டுவருகிறோம். 10.40க்கு 84, கீழ்நோக்கிய அம்புக்குறி, சீனி வேகமாக இறங்குகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெறும் கோடு.

ரிஸ்மியா மூதூரில், ராத்தா வீட்டில். டீச்சர் எடுக்கவில்லை. பாடசாலை அலுவலகமும் எடுக்கவில்லை. நிரோஷா மிஸ்ஸுக்கு எடுத்தேன். ஆய்வில் இருக்கிற மற்றப் பிள்ளைகளின் இலக்கம் வருகிறது, ஹம்னாவின் போன் மட்டும் பேசவில்லை, உடனே ஆள் போய்ப் பார்ப்பது நல்லது என்றார். கப்பலைக் கட்டும் வரை எஞ்சின் அறையை விட்டு அசைய ஏலாது. முப்பத்தைந்து நிமிடம். பிறகு கப்டன் விட்டார். கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

ஹம்னா வகுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். சோதனை நடந்திருக்கிறது. போன் கத்தியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். நிற்பாட்டிவிட்டாள். பக்கத்தில் அவள் சிநேகிதி ஸஹ்ரா.

"ஹம்னாட பேச்சு குறைஞ்சா சீனி இறங்குதுன்னு எனக்கு விளங்கும் அங்கிள். மூணு டொபி குடுத்தன். இப்ப நல்லம்."

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியில் மோட்டார் சைக்கிளில் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எல்லாரும் என்ட ரத்தத்தப் பாக்குறீங்க வாப்பா. எப்பிடி இருக்கன்னு என்னட்ட ஆரும் கேக்குறல்ல."

காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள். கேட்டது.

ஜூலை 10, வியாழன்
போயா, பௌர்ணமி லீவு. காலையில் அவளிடமே போனைக் கொடுத்தேன். யார் பார்ப்பது என்று நீயே முடிவெடு என்றேன். ரிஸ்மியாவுக்குக் கோபம், பிள்ளையிடம் விடுகிற காரியமா என்றாள். சொன்னதில் நியாயம் உண்டு. அதனால் ஒரு நிபந்தனை: சத்தத்தைக் குறைக்கலாம், போனை நிற்பாட்டக் கூடாது. சம்மதித்தாள்.

மாமா நீக்கம் (கோபப்படாதீங்க மாமா என்று குரல் பதிவு அனுப்பினாள்). மூதூர் மாமி நீக்கம். டீச்சர், உம்மா ரிஸ்மியா இருக்கட்டும். ஸஹ்ரா புதிதாக. என் பெயரில் விரல் நின்றது.

"வாப்பாவ எடுக்கட்டா?"

எடு மகள் என்றேன். என்னை ஒரேயடியாக எடுக்கவில்லை. இலக்கம் காட்டாது, எழுபதுக்குக் கீழே போனால் மட்டும் என் போன் கத்தும்.

ஜூலை 11, வெள்ளி
கடல் கொந்தளிப்பு. பகல் வரை பதினொரு தரம் போனைப் பார்த்திருப்பேன். ஒன்றும் இல்லை. கத்தவில்லை என்றால் நல்லது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது அவளிடமிருந்து செய்தி. 112. ஊசி போட்டாயிற்று. ஸஹ்ராவோடு ஐஸ்பழம் சாப்பிடப் போகிறாள். நீங்க சாப்பிட்டீங்களா?

சாப்பிடவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. இல்லை மகள் என்று எழுதினேன். உடனே அழைப்பு.

"மணி ரெண்டாகுது வாப்பா. ஏன் இன்னும் சாப்பிடல்ல?"