ஆறாத சூளை

ஐப்பசி 12, செவ்வாய். நான் சொல்ல என் மனைவி எழுதுகிறாள்.

சூளைக்குள் அகல் விளக்குகள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. முதலாளி அவசரப்பட்டார்.

"பெரியவரே, வெளக்கு ஏத்த வர்ற லாரி வேப்பூர் தாண்டிடுச்சு. கதவத் தொறங்க."

"ஆறட்டும் தம்பி. காலையில தொறக்கறேன்."

"அப்ப நாளையிலேருந்து வூட்லயே இருங்க."

சூளையைத் திறக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாலிபத்தில் நானும் கூட்டாளி ராமுவும் சினிமாவுக்குப் போகும் அவசரத்தில் ஒரு சூளையைச் சீக்கிரமே திறந்துவிட்டோம். காற்றுப் பட்டதும் உள்ளிருந்த கோப்பைகள் டிக் டிக்கென்று விரிசல் விட்டன. கடைசிக் கோப்பை வரை உட்கார்ந்து கேட்டோம். "படத்துலகூட இவ்ளோ சத்தம் வராதுடா" என்று ராமு அழுதுகொண்டே சிரித்தான். இன்று அவன் இருந்திருந்தால் என் பக்கம் நின்றிருப்பான்.

"நாளைக்கு எங்க போவீங்க?" என்று இவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.

சூளைக்குத்தான். காலையில் ஆறியிருக்கும்; விளக்குகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வருவேன்.