என் பேத்தி உன் பேரைத்தான் சொல்கிறாள்

மண்ணுக்குள் போயும் என்னோடு போட்டிக்கு நிற்கிற என் தங்கச்சி வள்ளிக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. பெரியவன் மகன் பாளையங்கோட்டையில் பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டான். சின்னவன் மகன் சிவகிரியில் வாத்தியார். நம் கோமதி நர்ஸ் படிப்பு முடித்து, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், என் வீட்டில் இத்தனை படிப்பு. கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும்தான்.

ஆனால் கோமதி யார் பேத்தி? தாயில்லாத பிள்ளைக்குப் பால் புகட்டியது நான். எண்ணெய் தேய்த்துத் தலை வாரியது நான். நீ வெள்ளைச் சேலை உடுத்தி, நர்ஸம்மாவாக நல்லநாளுக்கு வந்து போனவள். அவள் வாயைத் திறந்தால் உன் பேச்சுதான், சின்னாச்சி, சின்னாச்சி! எப்படியடி அவளைப் பிடித்தாய்?

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் ஊரில் வாந்திபேதி. ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கோமதிக்கு அங்கேதான் வேலை. நீயும் அப்படி ஒரு கொட்டகையில் வேலை பார்த்துத்தானே போனாய்? மருந்துத் தண்ணீரில் கை கழுவாமல் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாய். ஆனால் நோயாளியைத் தேடிப் போன வீட்டில் ஒருத்தி செம்பை நீட்டி, "எங்க வீட்டுத் தண்ணி ஒனக்கு ஆகாதோ?" என்றாள். சாதி பார்ப்பதாக நினைத்துவிடுவாளே என்று வாங்கிக் குடித்தாய். அந்த வாரமே போய்விட்டாய். உனக்கு மனசு பெரிசு. பெரிசாக இருந்து என்ன?

கோமதி போகிற வீட்டிலும் அதே செம்புதான். வேண்டாம் என்றதற்கு, நர்ஸ் படித்த திமிர் என்று தெருவே பேசியது. ஒரு வீட்டில் நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தாள்.

"குடிச்சா சின்னாச்சி மாதிரி போவேன். குடிக்கலேன்னா கதவச் சாத்துதாங்க. நான் என்ன செய்ய ஆச்சி?"

"ஏட்டி, வேண்டாம்னு ஏன் சொல்லுத? அடுப்புல ஏத்தச் சொல்லு. செம்பையும் அந்தக் கொதிதண்ணியிலயே அலசச் சொல்லு. ஆறுனதும் அவுகளும் குடிக்கட்டும், நீயும் குடி."

அப்படியே செய்தாள். கதவு திறந்தது. மற்ற நர்ஸ்களும் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம்.

பெருமை யாருக்குப் போனது என்று கேள். நேற்று அவளுக்குச் சோறு கொண்டு போனேன். கொட்டகை வாசலில் கம்பவுண்டர், "வள்ளி நர்ஸம்மா ரத்தம்லா! இந்த அறிவு வேற எங்கன இருந்து வரும்?" என்கிறார்.

"யோசனை என்னுது தம்பி."

"ஆச்சிக்கு ஆசையப் பாரேன்!" என்று சிரிக்கிறார்.

கோமதியாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். கிட்டே வராதே என்று என்னைத் தள்ளி நிற்கவைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கொண்டிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு யாராவது சின்னாச்சிட்ட இதச் சொல்லியிருந்தா, இன்னைக்கு இருந்திருப்பால்ல ஆச்சி?"

அப்போதும் உன் பேச்சுதானா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் இந்த யோசனை அன்றைக்கு, உனக்குச் சொல்ல, எனக்கு ஏன் வரவில்லை?

பேரும் பெருமையும் நீயே வைத்துக்கொள், வள்ளி. அவள் நெஞ்சில் எனக்கு மேலேயே உட்கார்ந்திரு, போ. ஆனால் அவளை மட்டும் கூப்பிடாதே. தலை நரைத்து, பல் விழுந்து, என்னைவிடக் கிழவியான பிறகுதான் அவள் அங்கே வருவாள். அதுவரை விடமாட்டேன். இது சத்தியம்.

உனக்கு எதையும் விட்டுக்கொடுக்காத,
உன் கூடப்பிறந்த அக்கா,
பேச்சியம்மாள்