அண்ணன் கீழே இறங்க மாட்டார்

ஏப்ரல் 22

இன்றும் அதே சண்டை. பதினொரு மணிக்கு மாடிக்குப் போனால், ராயப்பராஜ் அண்ணன் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் சட்டையைக் கழற்றிவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். ஃபேன் அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. கீழே என் கூடத்தில் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது. வந்து படுத்தால் என்ன?

“எழுவத்தி மூணு வருசமா இந்த வெயில்லதான் இருக்கேன். நீ போயி உன் வேலையப் பாரு, ஜெயா.”

முப்பத்தி நாலு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். வெயிலில் சுருண்டு விழுந்த எத்தனை பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரே என் பேச்சைக் கேட்டது. கூடப் பிறந்தவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 24

மோர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். குடித்தால் அடிக்கடி பாத்ரூமுக்குப் படியிறங்கி வரணுமாம். அப்படியானால் கீழேயே இருக்கலாமே? ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஏப்ரல் 25

ஜன்னலுக்கு நனைத்த சாக்குக் கட்டினேன். அவிழ்த்து, காயப்போட்டு, மடித்து வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 28

மாதா கோவில் பூசைக்குப் போய் வந்ததும் கேட்டேவிட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். அண்ணி போன பிறகு, ரெட்டியார்சத்திரத்து நிலத்தை விற்றுவிட்டு வேறு வழியில்லாமல் இங்கே வந்தவர்.

“மாடியில தனியா இருக்கேன்னா ஒரு மரியாத. தங்கச்சி வீட்டுக் கூடத்துல படுத்துட்டா அதுக்குப் பேரு வேற.”

என்ன பேர்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மரியாதை வந்து விசிறி வீசுமா? விடுவிடுவென்று இறங்கி வந்துவிட்டேன்.

மே 1

ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொண்டு மணிக்கு ஒருதரம் ஏறுகிறேன். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே குடிக்கிறார். முழங்கால் வலி எனக்கு.

மே 3

ஏழு தடவை மாடி. தலை பாரமாக இருக்கிறது. காலையில் காபி குடித்தேன். அதற்கப்புறம் — ஞாபகமில்லை. அவர் டம்ளரைக் காலி செய்தார். அது போதும்.

மே 7

நாலாம் தேதி மத்தியானம் பாதிப் படியில் கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்தது வரைதான் தெரியும். மற்றது பக்கத்து வீட்டு ஹுஸ்னா சொன்னது. அண்ணன் போட்ட சத்தத்தில் அவள் ஓடிவந்திருக்கிறாள். இருவருமாக என்னைக் கூடத்தில் கிடத்தி, தண்ணீரால் உடம்பைத் துடைத்து, கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த துணி வைத்து, 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். மயக்கத்தில் இருந்தவளுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாதென்று அண்ணன்தான் தடுத்தாராம். இத்தனை நாள் நான் கத்தியதெல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் டாக்டர் பெண் கேட்டாள்: “காலைல இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க, சிஸ்டர்?”

அறுபத்தாறு வயது. பிரஷருக்கு நீர் பிரிக்கிற மாத்திரை வேறு. எண்ணிப் பார்த்தால் ஒரு காபிதான். எனக்கும் வயதாகிவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டார்.

மே 10

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். படியேறக் கூடாது. அண்ணன் சமையல். கஞ்சியில் உப்பை அள்ளிப் போடுகிறார். பிரஷர்காரிக்கு இம்புட்டு உப்பா என்றால், வேர்வையில் போகிறதல்லவா என்று எனக்கே பாடம் நடத்துகிறார். குறட்டை வேறு. கூடமே அதிர்கிறது.

சாயங்காலம் மாடி அறையைப் பூட்டிவிட்டுச் சாவியை என் தலைமாட்டில் வைத்தார்.

“உன்னப் பாத்துக்க ஆள் வேணும்ல. மழ பெய்யட்டும், அப்புறம் போறேன்.”

சரிண்ணே என்றேன். சாவியைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.