ஆஞ்சலாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக

நீலசந்திரா, பெங்களூரு
10 ஜூன் 2024

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

ஆண்டவர் தயவில் நலம். போனில் பேசினால் என் காதுக்குப் பாதிதான் ஏறுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ உயிரோடு இருப்பதை நேற்று பங்குச் சாமியாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் பெட்டி, டிவியில் சானல் மாற்றும்போது உன் போட்டோவைப் பார்த்திருக்கிறாள். சந்தன மாலை, முன்னால் விளக்கு. சீரியல் கதை என்று தெரியாமல் உனக்காகப் பூசைக்குப் பணம் கொடுத்துவிட்டாள். ஞாயிறன்று கோயிலில் வாசித்தார்கள்: "ஆஞ்சலா ஓஸ்வால்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், இவ்ளோ பெரிய விஷயத்த ஒரு வார்த்த சொல்லலியே!"

"சீரியல்ல செத்துட்டாம்மா. ஆன்ட்டி இப்ப வடபழனில இட்லி சாப்ட்டுட்டிருப்பா."

அவள் புருஷன் டிரேவர் தலையில் அடித்துக்கொண்டான். "நான் அப்பவே சொன்னேன், பொட்டு வெச்சிருக்காங்க, நம்ம ஆன்ட்டியா இருக்காதுன்னு. சும்னே, காரணமே இல்லாம ஃபாதருக்கும் தொந்தரவு."

உன் வேஷத்தை ஏன் முடித்தார்கள்? உடம்புக்கு ஏதாவதா?

இன்னொரு விஷயம். இந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம், காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சந்தாபுராவில் ஒரு கட்டடத்தில் வீடு பார்த்திருக்கிறேன். ஒரு படுக்கையறை உள்ளதும் இருக்கிறது, இரண்டு உள்ளதும் இருக்கிறது. எது வேண்டுமென்று 28-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். நீ சென்னைக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், போகிறாய். இனி இங்கேயே இருக்க வருவாயானால் இரண்டு அறை எடுக்கிறேன். கட்டாயமில்லை. வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திப் பதில் கேட்டவனில்லை நான். கை தூக்கும்வரை காத்திருப்பேன்.

என்றும் உன்,
ஓஸ்வால்ட்


வடபழனி, சென்னை
17 ஜூன் 2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மேக்கப் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பெட்டி நிஜமாகவே அழுதாளா, கண்ணைத் துடைத்துக்கொண்டாளா? இரண்டும் வேறு. வேறு யார் யார் வந்தார்கள்? என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டிதான். பூஜையறைக் காட்சியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. மறுவாரமே கதையில் எனக்கு மாரடைப்பு. அதையும் நடிக்க விடவில்லை. போன் வருகிறது, மருமகள் தட்டைக் கீழே போடுகிறாள், அவ்வளவுதான். அடுத்த நாள் சுவரில் போட்டோ.

தூர்தர்ஷனில் என் முதல் நாடகம் நினைவிருக்கிறதா? அரை மணி நேர நாடகத்துக்கு ஒரு வாரம் ஒத்திகை. நீங்கள் மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் தினசரி சீரியல் வந்தது. மகளாக ஆரம்பித்தேன், அண்ணியானேன், அம்மா, மாமியார் எல்லாம் ஆனேன். மாமியாருக்கு அப்புறம் போட்டோதான். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் டைரக்டர் ராஜேஷ்குமார் ரகசியமாக ஒன்று சொன்னான். "டெட் பாடிய நாம காட்டவே இல்லம்மா. டிஆர்பி எறங்குச்சுன்னா உங்களத்தான் கூப்பிடணும்." இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது.

அறை பற்றி யோசிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
ஆஞ்சலா


நீலசந்திரா
21 ஜூன் 2024

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

பெட்டி நிஜமாகவே அழுதாள். மூக்குச் சிவந்திருந்தது, அது துடைப்பதால் வராது. என்னோடு வேலை பார்த்த ஜகதாம்பாள் டீச்சர் ஒக்கலிபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். போகும்போது, "மிஸஸ் இனிமே இங்கயே வந்துடுவாங்கதானே, சார்?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன்.

இரண்டு அறை வீட்டை மறுபடி பார்த்தேன். உன் அறைக்குக் காலை வெயில் வருகிறது. குளியலறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி வைத்துத் தருவார்களாம். லிஃப்ட் உண்டு. 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை.

என்றும் உன்,
ஓஸ்வால்ட்


நீலசந்திரா
30 ஜூன் 2024

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு நீயே டிவியில் வந்துவிட்டாய்.

இறந்தவளின் அக்கா, கோயமுத்தூரிலிருந்து வருகிறாள், சக்கர நாற்காலியில். நல்ல யோசனை, முட்டிக்கு வேலையில்லை. வீடே அலறியபோது, "பேயப் பாக்கற மாதிரி என்னடி பாக்கற? காப்பி இருக்கா, இல்லியா?" என்றாயே, அந்த அதட்டலில் இங்கே பெட்டியும் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு காட்சிதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வீட்டை ஆட்டிவைத்தாய். இத்தனை வருஷத்தில் உன்னை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. இந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

பரீட்சை ஹாலில் எல்லாப் பிள்ளைகளும் தாளைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் ஒருத்தி மட்டும் எழுதிக்கொண்டிருப்பாள். மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து என்று பியூனுக்கு அவசரம். நான் மணி அடிக்கும்வரை அவள் தாளை வாங்கியதில்லை. அவளுக்கு இன்னும் எழுத இருக்கிறது, அவ்வளவுதானே.

வெள்ளி இரவே ஒரு அறை போதும் என்று சொல்லியாயிற்று. நேற்று சந்தாபுராவுக்குப் போய் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருத்தப்படாதே, எனக்கும் கோபமில்லை. நீ பதில் எழுத வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவதானால் பெட்டியிடம் சொல். தன் வீட்டு மாடி அறையை உனக்கு ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஓஸ்வால்ட்