சுவரோர நாற்காலி

மார்ச் 3, ஞாயிறு

தேவாலயச் சமையலறையில் சமைக்கும் ஒஃபேலியாவின் நாற்காலி எப்போதும் சுவரை ஒட்டியே கிடக்கும். ஏன் என்று இன்றுதான் பார்த்தேன். அவர் கணுக்காலில் கறுப்புப் பட்டை. அதிலிருந்து ஓர் ஒயர் சுவருக்குப் போகிறது. காலைச் சார்ஜில் போட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன மகளே முழிக்கிற? நான் பாதி மனுஷி, பாதி போன்" என்று சிரித்தார். குடியேற்ற அலுவலகத்தில் மாட்டிவிட்டார்களாம். எங்கே போனாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நாங்களும் ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்தவர்கள்தான். அதே அலுவலகம்தான். அப்பா காலில் ஒன்றுமில்லையே?

மார்ச் 5

கேட்டேன். "நாம விமானத்துல வந்தோம், ராகேல். அவங்க எல்லையில ஆத்தைக் கடந்து வந்தாங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மார்ச் 14, வியாழன்

சபையில், வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கான விவாத வகுப்பு. வகுப்பு எடுக்கும் டோனா ஆன்ட்டி கொடுத்த தலைப்பு: பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர விடவில்லை என்று நாட்டை விட்டு வருகிறவர்களுக்கு அடைக்கலம் தருவது நியாயமா? எங்களை வைத்துத்தான். எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டு எடுத்தோம். எனக்கு 'நியாயமில்லை'. எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ வேற சீட்டு எடுத்துக்கோடா கண்ணு" என்றார் டோனா ஆன்ட்டி.

வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 20

எழுத உட்கார்ந்தால் ஜெர்மனியில் அந்தக் காலை நேரம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு ஒன்பது வயது. அம்மா எங்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே பாடம் சொல்லித்தந்தார்; அங்கே அது சட்டவிரோதம். போலீஸ் வந்து என்னையும் தம்பியையும் வண்டியில் ஏற்றியது. தம்பி கால்சட்டையை நனைத்துவிட்டான். அம்மா வெறுங்காலோடு பின்னால் ஓடிவந்தார். அந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால் வண்டி போய் நின்றது பள்ளிக்கூடத்தில். மதியம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஒஃபேலியா ஹோண்டுராஸிலிருந்து ஏன் வந்தார் என்று இன்று கேட்டேன். "பெரியவன் பஸ் ஓட்டினான். ரவுடிப் பசங்க மாமூல் கேட்டாங்க. இவன் குடுக்கல." சீவுவதை நிறுத்தவில்லை. "புதைச்ச கையோட சின்னவளைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

மார்ச் 28

விவாதத்தில் பேசினேன். "எங்களைத் திருப்பி அனுப்பினா நான் வகுப்புல உட்காருவேன். ஒஃபேலியாவை அனுப்பினா—" அத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சாப்பிடவில்லை.

"நம்ம கூரையை நீயே பிரிக்கிறியா?" என்றார் அப்பா.

"சீட்டுல விழுந்துச்சுப்பா."

"சீட்டுல விழுந்ததைப் பேசுற முகமா அது?"

ஏப்ரல் 19

இந்த நாட்டிலேயே தங்க எங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. சபை முழுக்கக் கையெழுத்துப் போட்ட மனுதான் காரணமாம். அம்மா அழுதார், நானும் அழுதேன். சந்தோஷம்தான், இல்லையென்று எழுதமாட்டேன். ஒஃபேலியா ஒயர் எட்டும் தூரம்வரை வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

ஒஃபேலியாவுக்கும் கையெழுத்து வாங்கலாமா என்று டோனா ஆன்ட்டியிடம் கேட்டேன்.

"அது அரசியல் ஆயிடும்டா."

மே 21

வழக்கம்போல அலுவலகத்தில் ஆஜராகப் போன ஒஃபேலியா திரும்பவில்லை. சின்னவளும்தான். விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம்.

விமானத்தில்.

மே 26, ஞாயிறு

எங்களுக்காக நன்றி விருந்து. சமையலறையில் ஒஃபேலியாவின் நாற்காலிமேல் பெரிய காபிப் பாத்திரத்தை வைத்து, அதே ப்ளக்கில் செருகியிருந்தார்கள். கூடத்தில் எங்கள் குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

"ராகேல், வா. எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் அப்பா.

ஒயரைப் பிடுங்கினேன். பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.