மழுங்கிய முனை

உமது வேலணை வீட்டில், நீர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், உமது தம்பி அலுமாரியிலிருந்து ஒரு பழைய ஆய்வுக்குறிப்புக் கொப்பியை எடுத்துத் தந்தார். விரித்தவுடன் பென்சிலில் கீறிய இரண்டு முக்கோணங்கள், முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் மயிரிழை இடைவெளி. கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

நாம் ஆய்வு செய்த அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் யாழ்ப்பாணத் தீவார் என்று நாம் இரண்டே பேர். நான் மண்டைதீவு, நீர் வேலணை. இரண்டு தங்க மின்வாய்களுக்கு நடுவே லேசர் துடிப்பு விழும்போது டெராஹேர்ட்ஸ் அலை பிறக்கும். நேர்க்கோடாக இருந்த மின்வாய்களை நீர்தான் முக்கோணமாகக் கூராக்கினீர். மின்புலம் முனையில் திரண்டது. சமிக்ஞை பலமடங்கு எழுந்தது. இரண்டாம் கிழமையே முனைகள் எரிந்துபோயின. பேராசிரியர் விட்டுவிடச் சொன்னார்.

“கூரைக் கொஞ்சம் மழுக்கிப் பாப்பம். அலை குறைஞ்சாலும் முனை நிண்டு பிடிக்கும்,” என்றீர்.

சமிக்ஞை சற்றே இறங்கியது. ஆனால் மாதக்கணக்கில் ஒரு முனையும் எரியவில்லை.

பிறகு அம்மாவுக்குப் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டதென்று நீர் ஊருக்குப் போனீர். இடையில் விட்டுப்போனவரின் பெயர் மழுங்கிய முனை பற்றிய கட்டுரையில் வேண்டுமா என்று பேராசிரியர் என்னிடம் கேட்டார். என் பட்டம் அவரது கையொப்பத்துக்காகக் காத்துக் கிடந்தது. உங்கள் விருப்பம் என்று எழுதினேன். உமது பெயர் இல்லாமலே கட்டுரை வந்தது; முதலாசிரியர் பெயர் என்னுடையதாயிற்று.

அடுத்த கட்டுரையில் சேர்ப்போம் என்று தொலைபேசியில் சொன்னேன்.

“பரவாயில்லை எண்டு நான் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறீர். அது என்னால ஏலாது,” என்றீர்.

அதன்பின் என் அழைப்பை நீர் எடுக்கவேயில்லை. அடுத்த கட்டுரை என்று ஒன்று வரவுமில்லை. அந்த ஒன்றை வைத்தே எனக்கு வேலை கிடைத்தது. நீர் வேலணைப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தீர். உமக்குப் புற்றுநோய் வந்ததையே நீர் போன பிறகுதான் அறிந்தேன்.

தம்பி கொப்பியைக் காட்டிக் கேட்டார்: “அண்ணை, அக்கான்ர பேர் இதைப் பற்றி நீங்கள் எழுதின கட்டுரையில இருக்கோ?”

“இல்லை.”

“அவ செய்த வேலைதானே?”

“ஓம்.”

அவர் கொப்பியை மூடினார். நான் கேட்டேன், நீர் என்னில் கோபமாய் இருந்தீரோ என்று.

“அப்பிடி ஒண்டும் சொன்னதில்லை,” என்றார். “உங்களைப் பற்றி ஒருநாளும் கதைச்சதேயில்லை.”

நேற்றுப் பேராசிரியருக்கும் சஞ்சிகைக்கும் உண்மையை எழுதி அனுப்பினேன். பதில் வரலாம், வராமலும் போகலாம். எப்படியானாலும் அது உமக்குப் பயன்படாது. நீர் ஏசியிருந்தால் அந்த ஏச்சையாவது வைத்திருப்பேன். என்னிடம் இருப்பதோ, என் பெயரை ஒருமுறையும் சொல்லாமல் நீர் வாழ்ந்து முடித்த அத்தனை வருடங்கள்தான்.