பிரித்தெடுத்த பெயர்

ஆவணி, வெள்ளி இரவு

கொழும்புத்துறை டிலானிக்கு அடுத்த கிழமை கல்யாணம். நினைவாக வைத்திருக்க, லேஞ்சி ஒன்றில், ஒரு கைக்குட்டையில், அவள் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் பூவேலையாகத் தைத்துத் தரும்படி அவளின் தாய் என்னிடம் கேட்டிருந்தார். இன்று மத்தியானம் டிலானி என் தையல் கடைக்குத் தனியாக வந்தாள்.

“அக்கா, அவரின்ரை பேரைப் பிரிச்சுவிடுங்கோ. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை. உங்களிட்டைத்தான் முதல் சொல்லுறன்.”

ஏன் என்று கேட்டேன். அழுதபடியே கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தாள். அவள் முன்னாலேயே நூலைப் பிரித்தெடுத்தேன்.

பின்னேரம் தாய் போன் எடுத்தார். “தைச்சு முடிஞ்சுதோ பிள்ளை?”

“ஓம், நாளைக்கு வாங்கோ” என்று வாயில் வந்துவிட்டது.

“இண்டைக்கே அம்மாவிட்டைச் சொல்லிப்போடு” என்று டிலானிக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். இன்னும் பதில் இல்லை. அவள் சொல்லாததை நாளைக்கு இந்த லேஞ்சி சொல்லவேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது.